துரை மீனுக்கு ஒரு துணை

காலையில் இருளப்பன் தொட்டியின் மேல் கிடந்த சாக்கை விலக்கியபோது, முந்தின நாள் அவன் விட்ட பனையேறிக் கெண்டை உயிரோடுதான் இருந்தது. அதன் கண்கள்தான் இல்லை.

கண் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் வெளுத்த குழி. அந்த மீன் மூக்கால் சுவரைத் தொட்டுத் தொட்டு, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கும், அங்கிருந்து முன்பக்கக் கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து மறுபடி சிமெண்டுக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூக்கு கண்ணாடியில் படும்போதெல்லாம் தொக் என்று ஒரு சின்னச் சத்தம். பங்களாவின் சாப்பாட்டுக் கூடத்தில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. வெளியே ரப்பர் மரங்களிலிருந்து இரவு பெய்த மழை சொட்டிக்கொண்டிருந்ததுகூடக் கனத்த கதவுகளைத் தாண்டி வரவில்லை. அதனால் அந்தத் தொக், தன் காதுக்குள்ளேயே யாரோ விரலால் தட்டுவது போல இருளப்பனுக்குக் கேட்டது.

தொட்டியின் நடுவில் துரை மீன் நின்றது. தன்னைச் சுற்றிக்கொண்டிருந்த குருட்டு மீனை அது சட்டை செய்யவில்லை. இருளப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துரை மீன் என்பது தோட்டத்து ஜனங்கள் வைத்த பெயர். மலாயாவில் கோலா கெத்திலுக்கு மேற்கே இருந்த அந்தத் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரை, சண்டைக்கு முன்னால், தென்னமெரிக்காப் பக்கத்து மீன் என்று சொல்லி ஒரு கப்பல்காரனிடம் அதை வாங்கி, பினாங்கிலிருந்து போத்தலில் போட்டுக் கொண்டுவந்தார். அப்போது அது சுண்டுவிரல் நீளம். இப்போது முழங்கை நீளம், கரிய உடம்பு, அதில் அணைந்தும் அணையாத அடுப்புத் தணல் மாதிரி ஆரஞ்சுத் திட்டுகள், கிழட்டுத் தவளையின் வாய். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை பெட்டிகளைக் காரில் ஏற்றினார், நாயை ஏற்றினார், பியானோவை ஏற்ற முடியாமல் திட்டிவிட்டுப் போனார். மீன் ஞாபகமே வரவில்லை அவருக்கு. ஓடாமல் நின்ற ஒரே வெள்ளைக்காரன் அந்தக் கறுப்பு மீன்தான் என்று கூலிகள் குடியிருந்த லயத்தில் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பு என்று ஒன்று அப்போது இன்னும் மிச்சம் இருந்தது.

தொட்டியைக் கட்டியதில் இருளப்பனுக்குப் பங்கு உண்டு. அவன் பால் ஸ்டோர் ஆள். மரத்திலிருந்து வரும் ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி ஆசிட் கலந்து உறைய வைப்பது அவன் வேலை. அந்தத் தொட்டிகளின் சுவரில் வரிசையாகப் பள்ளம் இருக்கும். பள்ளத்தில் அலுமினியத் தகடுகளை இறக்கினால் பால் பாளம் பாளமாகப் பிரிந்து உறையும். மீன் தொட்டியும் அதே மாதிரி வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மூன்று பக்கம் சிமெண்டு, முன்பக்கம் கண்ணாடி, தேவைப்பட்டால் மீனைத் தனியே பிரிக்கத் தகடு இறக்கும் பள்ளம். அன்றிலிருந்து பால் ஸ்டோர் வேலையோடு மீனுக்குக் கரப்பானும் வெட்டுக்கிளியும் பிடிக்கிற வேலையும் இருளப்பன் தலையில் விழுந்தது. சண்டை வந்து பால் ஸ்டோரை மூடிய பிறகு இது ஒன்றுதான் அவன் வேலை.

அந்த மீனின் வாலடியில் ஒரு வட்டம் இருந்தது. நடுவில் கறுப்பு, சுற்றி ஆரஞ்சு வளையம், பார்த்தால் கண்ணேதான். மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அந்தப் பொய்க்கண் பார்த்துக்கொண்டே இருக்கும். இத்தனை வருஷம் பழகிய இருளப்பனுக்கே அந்தத் தொட்டிக்கு முதுகு காட்டி நிற்கப் பிடிக்காது.

இப்போது பங்களாவில் இருந்தவன் ஒரு ஜப்பானிய அதிகாரி. அவன் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வட்டமான மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடிக்காரன் என்றார்கள். சிப்பாய்கள் அறைந்தார்கள், உதைத்தார்கள், ஆட்களை வெயிலில் மண்டியிட வைத்தார்கள். கண்ணாடிக்காரன் கையை ஓங்கி யாரும் பார்த்ததில்லை. தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, சன்னமாகப் பேசுவான். அவன் சன்னமாகப் பேசினால் லாரி வரப்போகிறது என்று அர்த்தம்.

லாரி என்றால் சயாம். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். தோட்டம் தோட்டமாக ஆளை அள்ளி, சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியில் அடைத்து அனுப்பினார்கள். போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

இருளப்பனுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது தம்பி அய்யாவு ஒருவன்தான். அப்பனும் ஆத்தாளும் ஒரே காய்ச்சலில் போன பிறகு அண்ணன்தான் ஆக்கிப் போட்டு ஆளாக்கினான். அய்யாவு நல்ல உழைப்பாளி, நல்ல வாய்க்காரன், ஒரு குறைதான்: எதிரே யார் நின்றாலும் நேராகக் கண்ணைப் பார்ப்பான். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தும்போது தோட்டமே நிலத்தைப் பார்த்து நிற்கும். அவன் மட்டும் நிமிர்ந்து நிற்பான்.

"தலையக் குனிஞ்சுக்கடா," என்று இருளப்பன் கெஞ்சாத நாளில்லை. "எல்லாரும் குனியிறாங்க இல்ல? ஒனக்கு மட்டும் கழுத்து வளையாதா?"

"பாத்தா என்னாண்ணே? கண்ணு இருக்கறது பாக்கத்தானே."

"பாக்குற கண்ணு அவனுங்களுக்கு ஆவாதுடா."

"அப்ப அவன் குனியட்டும்லா," என்று சிரித்தான் அய்யாவு.

கண்ணாடிக்காரன் ஒருநாள் பெரட்டில் அவனுக்கு எதிரே நின்றுவிட்டான். அறை விழும் என்று பார்த்தால், விழவில்லை. கண்ணாடிக்காரன் குனிந்து, தலையைச் சாய்த்து, தொட்டிக்குள் பார்ப்பது போலவே அய்யாவுவின் முகத்தைப் பார்த்தான். இந்தப் பக்கம் கொஞ்சம். அந்தப் பக்கம் கொஞ்சம். அய்யாவு இமைக்கவில்லை.

"இது யார்?" என்றான்.

"என் தம்பி, துவான்," என்றான் இருளப்பன்.

"இது பார்க்கிறது." கண்ணாடிக்காரன் குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. "என் மீன் மாதிரி."

அன்று சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்தில் இருளப்பனை உட்கார வைத்துப் பேசினான். மீன் தனியாக இருக்கிறது. தனியாக இருப்பது நல்லதில்லை. நீ அதற்கு ஒரு துணை தேடு. அடுத்த லாரி வரும்போது துணை உயிரோடு இருந்தால் உன் தம்பி இங்கேயே இருப்பான். செத்துப் போயிருந்தால் அவன் லாரியில் போவான். இவ்வளவையும் அவன் சொன்ன விதத்தில் மிரட்டல் எதுவும் இல்லை; கடையில் சாமான் விலை சொல்கிற மாதிரி சொன்னான்.

அன்றிலிருந்து இருளப்பன் கெத்தில் ஆற்றங்கரையே கதி என்று கிடந்தான். மூங்கில் பறி வைத்துச் சின்ன மீன்களைப் பிடித்து வந்து விட்டான். விடிவதற்குள் செதில்கூட மிச்சமில்லை. கெளுத்தி விட்டான், துரை மீன் அதை விழுங்கப் பார்த்து முள் தொண்டையில் மாட்டிக்கொள்ள, இருளப்பன் கையை வாய்க்குள் விட்டு எடுத்தான். பெரிய விரால் ஒன்று இரண்டு நாள் எதிர்த்து நின்றது. மூன்றாம் நாள் அதன் வால் இல்லை. ஒவ்வொரு சாவிலும் அவன் ஏதோ ஒன்று கற்றுக்கொண்டான். துணை மீன் அதன் வாயில் போகாத அளவு இருக்க வேண்டும். அதன் நிறத்தில் இருக்கக் கூடாது. புதுசு வருவதற்கு முன் உள்ளே கிடக்கும் கல்லையெல்லாம் இடம் மாற்றி வைத்தால், பழைய மீனுக்குத் தன் வீடு எது என்று தெரியாமல் கோபம் குறையும். சாக்குப் போட்டு மூடி, கொஞ்ச நாள் இருட்டில் விட வேண்டும். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது.

ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்காரன் பின்னால் வந்து நிற்பான். செருப்பில்லாத கால், சத்தமே வராது.

"ஹிடுப்?" என்பான். உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அந்த ஒரு சொல்தான்.

இல்லை என்றால், ஏன் என்று கேட்பான். கல்லை ஏன் மாற்றினாய், சாக்கு ஏன், இருட்டு ஏன் என்று ஒவ்வொன்றையும் கேட்பான். இருளப்பனும் சொல்வான். தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு: துரை கேட்டால் தெரியாது என்று சொல்லக் கூடாது. தெரியாது என்பது திமிர், திமிருக்கு உதை. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் எலும்பில் ஏறிய பழக்கம் அது. துரை மாறிவிட்டதால் எலும்பு மாறிவிடுமா?

அன்றைக்கும் கால் சத்தம் கேட்கவில்லை.

"ஹிடுப்?"

"ஹிடுப், துவான்," என்றான் இருளப்பன்.

கண்ணாடிக்காரன் கண்ணாடிக்கு அருகில் குந்தினான். குருட்டு மீன் வந்து அவன் முகத்துக்கு நேராகத் தொக் என்று முட்டி, திரும்பி, சுவரோரமாகப் போனது. துரை மீனின் வயிற்றுக்கு அடியிலேயே புகுந்து போனது. துரை மீன் ஒதுங்கி வழி விட்டது.

"ஏன் இதைக் கொல்லவில்லை?"

இருளப்பனுக்கு எப்படித் தெரியும்? இன்றைக்குக் கொல்லவில்லை, நாளைக்குக் கொல்லும். அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக்காரன் காத்திருந்தான். லாரி எந்த நாளும் வரலாம். ஏதாவது சொல்ல வேண்டும், இந்த மீன் நிலைக்கும் என்று அவன் நம்பும்படி சொல்ல வேண்டும்.

"இது பார்க்கறதில்ல, துவான்," என்றான் மலாயில். "அதுக்குப் பார்க்கிற கண்ணைக் கண்டால்தான் கோபம். பார்க்காததை விட்டுவிடும். இனி இது சாகாது."

குருட்டு மீன் ஒரு சுற்று முடிக்கும்வரை கண்ணாடிக்காரன் அதையே பார்த்தான். பிறகு இருளப்பனின் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

"பாகுஸ்," என்றான். நல்லது.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு, ஆற்றில் கிடைக்கிற லம்பாம் மீனாகக் கூட்டமாக விட்டால் கோபம் பிரிந்து போகும் என்று இருளப்பன் அவசர அவசரமாகச் சேர்த்துச் சொன்னான். கண்ணாடிக்காரன் தலையாட்டி மறுத்தான். கூட்டம் சத்தம் போடும். ஒன்று போதும்.

மத்தியானம் லாரி வந்தது. ஆட்களை ஏற்றினார்கள். அய்யாவுவின் பெயரை யாரும் கூப்பிடவில்லை. அவனுக்குப் பதில் அடுத்த வீட்டுக் குழந்தைவேலு ஏறினார். இருமல் நோயாளி, லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறவே சிப்பாய் தூக்கிவிட வேண்டியிருந்தது. அவர் மனைவி பிச்சையம்மாள், பங்களாச் சமையல்காரி, லாரி மறையும்வரை நின்று பார்த்தாள். பிறகு நேராக இருளப்பன் வீட்டு வாசலுக்கு வந்து, அவன் காலடியில் காறித் துப்பினாள்.

"ஓந்தம்பிக்கு எம்புருசனா? மீனு வளத்து ஆளு காப்பாத்துறியாக்கும்!"

அன்று முதல் லயத்தில் யாரும் அவர்களோடு பேசவில்லை. குழாயடியில் அவன் வாளி வைத்தால் மற்ற வாளிகள் நகர்ந்தன. யாரோ அவர்கள் மரவள்ளிப் பாத்தியை ஒரு கிழங்கு விடாமல் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். இருளப்பன் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். தம்பி பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டான். அந்தச் சத்தம் போதும் அவனுக்கு.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. கண்ணாடிக்காரன் கூப்பிட்டு அனுப்பினான், அண்ணனையும் தம்பியையும் சேர்த்து.

"நானும் தனியாக இருக்கிறேன்," என்றான், அய்யாவுவையே பார்த்துக்கொண்டு. "இவன் இனி இங்கே. எனக்குத் துணை. வெள்ளைச் சோறு, கட்டில், எல்லாம் உண்டு."

அய்யாவு அண்ணன் பக்கம் திரும்பினான். "நல்லதுதாண்ணே. சாக்குல படுத்துச் சொறி புடிச்சுப் போச்சு. சோத்துல ஒனக்கும் கொஞ்சம் கட்டிக் கொண்டாறேன்."

இருளப்பனைக் கூடத்துச் சாமான்களை நகர்த்தச் சொன்னான் கண்ணாடிக்காரன். மேசையை மேற்கிலிருந்து கிழக்குக்கு. அலமாரியைக் கதவோரத்துக்கு. நாற்காலிகளில் ஒன்றை மட்டும் தொட்டிக்கு நேர் எதிரே. இது எதற்கு என்று இருளப்பன் யோசிக்கவில்லை. பாரம் தூக்குகிறவனுக்கு யோசனை பின்னால்தான் வரும். அலமாரியைச் சாய்த்தபோது இழுப்பறை திறந்து, பழைய துரையின் மூக்குக் கண்ணாடி ஒன்று தரையில் விழுந்தது. கண்ணாடிக்காரன் அதை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டான்.

பிறகு ஜன்னல்கள். பால் ஸ்டோரிலிருந்து அலுமினியத் தகடுகளைக் கொண்டுவந்து எல்லா ஜன்னலிலும் அடிக்கச் சொன்னான். ஆகாய விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று இருளப்பன் நினைத்தான். தானே சுமந்து வந்து, தானே ஆணி அடித்தான். நல்ல வேலைக்காரன் அவன். ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வராதபடி அடித்தான்.

புறப்படும்போது வாசலில் நின்று தம்பியிடம் சன்னமாகச் சொன்னான். "தலையக் குனிஞ்சுக்கடா. ஒன்ன கும்புடுறேன்."

அய்யாவு சிரித்தான். அண்ணனை நேராகப் பார்த்துச் சிரித்தான். அந்தப் பார்வையை இருளப்பன் பிறகு பலதடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"நீ இனி உள்ளே வராதே," என்றான் கண்ணாடிக்காரன். "மீனுக்குத் தீனியைச் சமையல்கட்டில் கொடு. புதுத் துணை. கொஞ்ச நாள் இருட்டு. யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. நீ சொன்னாய்."

இருளப்பன் பால் ஸ்டோரைக் கடந்து, லாலாங் புல் ஆள் உயரம் வளர்ந்து கிடந்த பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான் அந்தக் கடைசிச் சொல் அவன் மண்டையில் ஏறியது. நீ சொன்னாய். மீனைப் பற்றித்தானே சொன்னோம்? மேசையை நகர்த்தியது. நாற்காலி. இருட்டு. அவன் நின்றான். திரும்பிப் பார்த்தான். பங்களாவின் ஜன்னல்களில் அவன் அடித்த தகடுகள் மேகமூட்டத்தில் மங்கலாக மினுங்கின. சீச்சீ, மனுசனும் மீனும் ஒன்றா என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தான்.

மறுநாளிலிருந்து மழை. கூரைத் தகரத்தில் கொட்டுகிற மழையில், ஊறிப்போன ரப்பர் விதையும் அழுகின இலையும் சேர்ந்து ஒரு புளித்த வாடை தோட்டம் முழுக்க நின்றது. இருளப்பன் தினமும் சாயங்காலம் ஒரு சிரட்டை நிறைய இறாலும் மண்புழுவும் எடுத்துக்கொண்டு பங்களாவின் பின்கட்டுக்குப் போவான். பிச்சையம்மாள் முகத்தைப் பார்க்காமல் வாங்குவாள்.

"எந்தம்பி எப்படி இருக்கான் அக்கா?"

"எனக்கு என்னா தெரியும்? கதவத் தாண்டி விடுறதில்ல. தட்ட வைக்கிறேன், சிப்பாய் எடுத்துட்டுப் போறான்." அவள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "ஒங்க தம்பிக்கு ராஜ உபசாரம்தான். மீனுல முள்ளு எடுக்கச் சொல்றான். சோத்தப் பெசஞ்சு உருண்டை புடிச்சு வைக்கச் சொல்றான். பச்சப் புள்ளைக்கு வைக்கிற மாதிரி."

"எதுக்கு உருண்டை?"

"போயி அவனயே கேளு. ஒனக்குத்தான் அவன் பழக்கமாச்சே."

அவன் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. பங்களாவின் பக்கவாட்டுச் சுவரோரம், தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்தில், நனைந்துகொண்டே நின்றான். உள்ளே பேச்சுக்குரல் கேட்கிறதா என்று பார்த்தான். மழைதான். பிறகு மழை கொஞ்சம் தணிந்தது. தாழ்வாரத்துத் தண்ணீர் சொட்டாக மாறியது. அப்போது கேட்டது.

தட்.

அலுமினியத் தகட்டில் ஏதோ படுகிற சத்தம். இருளப்பனுக்கு அந்தத் தகடுகளின் சத்தம் தெரியும். ஆணி தளர்ந்தால் ஒரு சத்தம், காற்று அடித்தால் ஒரு சத்தம். இது இரண்டுமில்லை. உள்ளங்கை.

தட். கொஞ்சம் தள்ளி. தட். அடுத்த ஜன்னல். பிறகு சத்தமில்லை, அது மரச்சுவர். மூலை. பிறகு அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து, தூரமாக, தட்.

யாரோ சுவரைத் தொட்டுத் தொட்டுக் கூடத்தைச் சுற்றி வருகிறார்கள். மூலையிலிருந்து மூலைக்கு.

"அய்யாவு," என்று அவன் தகட்டில் வாயை வைத்துக் கூப்பிட்டான். ஈரமான உலோகம் உதட்டில் ஜில்லென்றது. "டேய், அய்யாவு."

சத்தம் நின்றது. உள்ளே, தகட்டுக்கு அந்தப் பக்கம், மிக அருகில் யாரோ மூச்சு விட்டார்கள். சிப்பாயின் பூட்ஸ் தாழ்வாரத்தில் ஏற, இருளப்பன் லாலாங் புல்லுக்குள் புகுந்து ஓடினான்.

இருட்டுத்தானே, விளக்கு எண்ணெய் எங்கே கிடைக்கிறது இந்தக் காலத்தில், இருட்டில் யாரும் சுவரைத் தடவித்தான் நடப்பார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டான். சொல்லிச் சொல்லியே சாக்கைப் போர்த்திப் படுத்தான். அவனுக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் குறட்டை இல்லாத வெறும் தரை.

மறுநாள் பிச்சையம்மாள் சிரட்டையை வாங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். குழந்தைவேலு போன நாளிலிருந்து அன்றுதான் முதல்முறை பார்த்தாள்.

"சாப்புட்டியா தம்பி?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அவள் துப்பியிருந்தால் இருளப்பன் தாங்கியிருப்பான். அவளுக்குப் பின்னால் திண்டில் அய்யாவுவின் பழைய சட்டை நனைந்து கிடந்தது. துவைத்த சட்டை. கழுத்துப் பட்டியைச் சுற்றிப் பழுப்பாகக் கறை, எவ்வளவு துவைத்தும் போகாத கறை.

"அக்கா, என்னா இது?"

"துவைக்கச் சொன்னான். துவைச்சேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "எதுவும் கேக்காத, சாமி. போ."

அவன் போவதற்குள் லாரி வந்துவிட்டது. மறுபடியும் ஆட்கள், மறுபடியும் அழுகை. பழனியாண்டி ஏறினார், முருகையா ஏறினார். இருளப்பன் லாரிக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினான். அய்யாவு அதில் இருந்தால் தேவலை என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு வந்ததற்காக அவன் தன் வாயில் தானே அடித்துக்கொண்டான். அய்யாவு அதில் இல்லை.

லாரி போன பிறகு சிப்பாய் வந்தான். துவான் கூப்பிடுகிறார்.

பொழுது சாய்கிற நேரம். கூடத்துக் கதவு திறந்ததும் வாடை முதலில் வந்தது. மீன் தண்ணீர், ஈரச் சிமெண்டு, வெள்ளைச் சோறு. எல்லாவற்றுக்கும் மேலே ஆஸ்பத்திரி டிஞ்சர் வாடை. உள்ளே இருட்டு. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு விளக்கு. அதன் வெளிச்சம் தண்ணீருக்குள் புகுந்து கூரையில் நெளிந்தது. தொக் என்று கேட்டது. குருட்டு மீன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கொழுத்திருந்தது.

தொட்டிக்கு நேர் எதிரே, அவன் நகர்த்தி வைத்த நாற்காலியில், அய்யாவு உட்கார்ந்திருந்தான்.

வெள்ளைச் சட்டை. எண்ணெய் வைத்து வாரிய தலை. கை இரண்டும் மடியில். தலை குனிந்திருந்தது.

குனிந்திருந்தான். கடைசியில் கற்றுக்கொண்டான். இருளப்பனுக்கு அழுகை முட்டியது. ஓடிப்போய்த் தம்பிக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றான்.

"அய்யாவு."

தலை நிமிர்ந்தது. முகத்தில் இரண்டு கண்ணும் பளிச்சென்று மின்னின. இருளப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருக்கிறது. இரண்டும் இருக்கிறது. சும்மா பயந்தேன். முருகா, சும்மா பயந்துவிட்டேன்.

"அண்ணே?" என்றான் அய்யாவு. "ஒன் காலடிதானே அது?"

"நாந்தாண்டா. நான்தான்."

அய்யாவு கையை நீட்டினான். கை, அண்ணன் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. காற்றைத் தடவியது. நாற்காலியின் விளிம்பைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"இப்பல்லாம் நான் தலையக் குனிஞ்சுதாண்ணே இருக்கேன்," என்றான். குரல் சன்னமாக இருந்தது; யாரிடமிருந்தோ தொற்றிக்கொண்ட சன்னம். "அவரு ஒண்ணும் பண்றதில்ல. பக்கத்துலயே உக்காந்து சாப்புடுறாரு. ஒண்ணுமே பண்றதில்ல."

மின்னியது கண் இல்லை. கண்ணாடி. பழைய துரையின் மூக்குக் கண்ணாடி, நன்றாகத் துடைத்து, தம்பியின் முகத்தில் மாட்டியிருந்தது. அதன் வட்டங்களில் தெரிந்தது எதிரே இருந்த தொட்டியின் வெளிச்சம். வட்டங்களுக்குப் பின்னால்.

இரண்டு பக்கமும்.

வெளுத்த குழி.

செருப்பில்லாத கால் பின்னால் வந்து நின்றதை இருளப்பன் கேட்கவில்லை. தோளில் கை விழுந்தது. மெல்ல, தட்டிக் கொடுக்கிற கை.

"ஹிடுப்?"

இல்லை என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். அடிவயிற்றிலிருந்து கத்தத்தான் திறந்தான்.

"ஹிடுப், துவான்," என்றது அவன் வாய்.

"பாகுஸ்."

அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் அசைந்தது. தம்பியின் முகத்திலிருந்த இரண்டு வட்டங்களுக்குள்ளும் கரிய மீன் ஒன்று மெதுவாக நீந்தி வந்து, மெதுவாகத் திரும்பியது. கறுப்பு மையமும் ஆரஞ்சு வளையமுமாக அதன் வாலடிக் கண், ஒரு வட்டத்துக்கு ஒன்றாக வந்து நின்று, இருளப்பனை நேராகப் பார்த்தது.